மணிச்சத்தம் வராத லேப்டாப்

நவம்பர் 9, ஞாயிறு

கோயில் கமிட்டியில் இன்று வாய்ச்சண்டை. செயலர் ஜெயசிங், கிறிஸ்துமஸ் லைட் ஷோவை இந்த வருஷம் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றிடம் விட்டுவிடலாம் என்றான். எனக்கு வந்ததே கோபம்! இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் மணிக்கோபுரத்திலும் குடிலிலும் வாசல் தென்னைகளிலும் எரிகிற அத்தனை விளக்கும் என் பாட்டுக்கு ஆடுகிற விளக்கு. பாட்டு நான் எழுதியது, மெட்டு நான் போட்டது. எந்த வரியில் எந்த விளக்கு கண் சிமிட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கோத்ததும் நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வயர் பிடித்த கை இது. கம்பெனிக்காரன் வந்து என்ன கிழித்துவிடுவான்?

"போன வருசம் லைட்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கமாட்டுல்லா போச்சு அண்ணே," என்றான் ஜெயசிங்.

போனது உண்மை. லேப்டாப் கோளாறு அது. எல்லார் முன்பும் சொல்லிவிட்டேன்: புது லேப்டாப் வாங்குகிறேன், இந்த வருஷம் பிசகினால் நானே ஒதுங்கிக்கொள்கிறேன். போதகர் சரி என்று தலையாட்டினார்.

ஈஸ்டர் முடிந்த கையோடு 'ஓய்வு எடுங்க' என்று சொல்லிப் பாடகர் குழுவைப் பிடுங்கிக்கொண்டார்கள். இது ஒன்றுதான் மிச்சம். இதுவும் போனால் இந்தக் கோயிலில் நான் பெஞ்சு தேய்க்கிற ஆள்.

நவம்பர் 11

பழைய லேப்டாப்பின் வியாதியைக் கண்டுபிடித்துவிட்டேன். விளக்குகளுக்கு சிக்னல் ஒழுங்காகப் போகிறது. பாட்டைத்தான் பாதி தின்கிறது.

இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் டிரையாங்கிள் வரும். கம்பியை மூன்று மூலையாக வளைத்துச் செய்த மணி அது. ரிக்கார்டிங் அன்று அதை அடித்தவள் என் மனைவி லீலாபாய். அந்த 'டிங்' விழும்போதுதான் கோபுரத்து ஸ்டார் எரிய வேண்டும். லேப்டாப்பில் அது இல்லவே இல்லை. வயலினும் மேலே ஏறினால் காணாமல் போகிறது. அடிச்சத்தம் மட்டும் திண்டு திண்டென்று வருகிறது. சவுண்டு கார்டு போச்சு, வேறென்ன?

லீலாபாய் அடுக்களையிலிருந்து வந்து முன்னால் நின்று, "பாட்டு நல்லாத்தானே கேக்குது?" என்றாள். அடிக்கத் தெரிந்தால் போதுமா, கேட்கத் தெரிய வேண்டாமா என்றேன். அடுக்களைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

நவம்பர் 13

குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு லீலாபாய் மீன் வாங்கப் போனாள். நான் கூடத்தில்தான் இருந்தேன். விசில் வரவேயில்லை. அவள் திரும்பி வந்தபோது பருப்பு கரிக்கட்டை, வீடெல்லாம் புகை. உடனே கடைக்குப் போய்ப் புது விசில் வாங்கி மாட்டினேன்.

இந்த வருஷம் வீட்டில் எல்லாச் சாமானும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுகிறது. முதலில் காலிங் பெல், அப்புறம் செல்போன், இப்போது விசில். யாராவது செய்வினை வைத்துவிட்டார்களா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

முன்பெல்லாம் அடுக்களையில் நின்றபடியே ஊர்க்கதை முழுக்கச் சொல்வாள். இப்போது முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, பால்குடி மறக்காத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாள். வயதானால் இப்படியும் ஒரு பழக்கம் வரும் போல.

நவம்பர் 16, ஞாயிறு

கோயில்குட்டி பொன்னுமணி இன்று முதலாம் மணியை அடிக்கவில்லை. நான் ஆராதனைக்குப் பிந்திப் போய், எல்லாரும் திரும்பிப் பார்க்க நடு வழியில் நடந்தேன். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, மைக் செட்டைப் பார்ப்பது, இதற்குத்தானே கோயில்குட்டி? முடிந்ததும் ஜெயசிங்கைக் கூப்பிட்டு, பொன்னுமணியையும் கூப்பிட்டு, நாலு பேர் பார்க்கக் கேட்டேன்.

"கர்த்தர் அறிய அடிச்சேன் சார்," என்றான் பொன்னுமணி. கண் கலங்கிவிட்டது.

கர்த்தரை எதற்கு இழுக்கிறாய் என்றேன். லைட் ஷோ அன்றைக்கு ஆம்ப்ளிஃபயர் பக்கம் இவன் தலை தெரியக் கூடாது, சத்தத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஜெயசிங்கிடம் சொல்லிவிட்டேன். அவன் பொன்னுமணியின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனான். லீலாபாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவனாவது எனக்கு ஆதரவாக வாய் திறக்க வேண்டுமே! மருந்துக்குக்கூட இல்லை.

நவம்பர் 19

நாகர்கோவிலில் லேப்டாப் கடை. சிவதாணு என்று ஒரு விற்பனையாள். முப்பது வயது இருக்கும், பொறுமைசாலி.

"லைட் ஷோவுக்குப் பெரிய மாடல் எதுக்கு சார்? யூஎஸ்பி ஓட்டை நாலு வேணும். நடுவுல தூங்கப்பிடாது, அப்டேட்டு அது இதுன்னு நிக்கப்பிடாது. இது போதும்," என்று ஒன்றை எடுத்து வைத்தான்.

"சத்தம்?" என்றேன்.

பென் டிரைவில் கொண்டுபோன என் பாட்டைப் போட்டான். திண்டு திண்டு. டிங் இல்லை. அடுத்ததை எடு என்றேன். அதிலும் இல்லை. விலை கூடினதை எடு என்றேன். அதிலும் அதே கதை.

"மணிதானே சார்? கேக்குதே."

"நீ சொன்னால் போதுமா? பாட்டைப் போட்டவன் நான். எங்கே வர வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?"

அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். டீ சொல்லட்டுமா சார் என்றான். விற்கத் தெரியாதவன் டீ வாங்கிக் கொடுக்கிறான்! வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

நவம்பர் 24

லீலாபாயின் தம்பி செல்வின் தன் மகளின் லேப்டாப்போடு வந்தான். புதுசு, பாட்டு நன்றாக இருக்கும் என்றான். போட்டுப் பார்த்தேன். அதுவும் மணியை விழுங்குகிற ஜாதிதான்.

காபி வந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தான். "குவைத்துல இருந்து வரவழைச்சது அத்தான். சும்மா ஒரு வாட்டி வச்சுப் பாருங்க. யாருக்கும் தெரியாது, தோல் நிறத்துல இருக்கும்."

திறந்தேன், மூடினேன், அவன் பக்கம் தள்ளிவிட்டேன். இது கிழடு கட்டைகளுக்கு, உன் மாமனாருக்குக் கொண்டுபோய்க் கொடு என்றேன். பாதிக் காபியோடு எழுந்து போனான். லீலாபாய் வாசல் வரைக்கும் போய் அவனோடு என்னவோ பேசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

நவம்பர் 30

நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிக் காதில் விட்டேன். ஜலதோஷத்துக்கு.

டிசம்பர் 3

மார்த்தாண்டத்திலும் பார்த்தாகிவிட்டது. நாலைந்து கம்பெனி, எல்லாம் ஒரே லட்சணம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினேன். பாட்டு முழுசாக வந்தது. பெண்கள் குரல், வயலின், டிங், ஒன்றும் குறையவில்லை. என் தலைக்குள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைப் போட்டால் திண்டு திண்டு. அப்படியென்றால் கோளாறு லேப்டாப்பில்தானே இருக்க வேண்டும்? லேப்டாப்பில்தான் இருக்க வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கென்று எழுத மாட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கோயில் வாசலில் ஜெயசிங், தள்ளி நின்று இன்னொருவனிடம், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்று சொல்லிச் சிரித்தான். அத்தனை தூரத்திலும் உதட்டைப் பார்த்தே பிடித்துவிட்டேன். இந்த வித்தை எனக்கு இப்போது நன்றாக வருகிறது.

பாடகர் குழு இன்று கிறிஸ்துமஸ் பாட்டு பழகியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாரும் வாயைத்தான் திறந்தார்கள்; முன்பு மாதிரி தொண்டையைத் திறந்து பாடுவதில்லை. கண்டிக்க ஆளில்லாவிட்டால் இப்படித்தான்.

டிசம்பர் 10

ஸ்தோத்திரம்! கிடைத்துவிட்டது!

விடாமல் மறுபடி நாகர்கோவில் போனேன். சிவதாணு என்னைப் பார்த்ததும் ஓடி ஒளியாததே பெரிது. அன்றைக்கு முதலில் காட்டினானே, அதே லேப்டாப்பை எடுத்தான். உள்ளே ஏதோ ஒரு சவுண்டு செட்டிங்கைத் திறந்தான். ஏறி இறங்குகிற கோடுகள் வரிசையாக நின்றன. "மணி, வயலின் எல்லாம் இந்தக் கடைசிக் கோட்டுல இருக்கு சார். ஏத்திப் பாக்கட்டா?" என்றான்.

ஏற்றினான். இன்னும் ஏற்று என்றேன். மொத்தச் சத்தத்தையும் கூட்டு என்றேன். கோடு உச்சிக்குப் போனது.

டிங்.

வந்தது. ரொம்ப தூரத்திலிருந்து, ஆனால் வந்தது. லீலாபாய் அன்றைக்கு அடித்தாளே அதே அடி. கடைக்குள் நின்றுகொண்டே அழுதுவிட்டேன். வெட்கமாவது மானமாவது!

சிவதாணுவின் முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி கோணிப் போயிருந்தது. பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். "சார், பெரிய ஸ்பீக்கர்ல போடும்போது இதைக் கொஞ்சம் குறைச்சுக்கணும்," என்றான். ஒரு புள்ளிகூடக் குறைக்கக் கூடாது, இப்படியே வைத்துக் கொடு என்றேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பேரப்பிள்ளையைக்கூட இப்படி அணைத்துக்கொண்டு வந்திருக்க மாட்டேன்.

டிசம்பர் 14

பகல் முழுக்க வேலை. திரையில் பாட்டு அலை அலையாகப் படமாகத் தெரிகிறது. அலை எழும்புகிற இடத்தில் விளக்கைக் கட்டிப் போட்டால் தீர்ந்தது. கண்ணால் பார்த்து வைக்கிறேன், தலைக்குள் கேட்டுச் சரிபார்க்கிறேன். ஒரு நூல் பிசகாது.

லீலாபாய் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். தலைவலியாம். எழுந்து வந்து, "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, சனங்களுக்குத் தாங்காது," என்றாள். சனங்களுக்குத் தாங்காதா, உனக்குத் தாங்காதா என்று கேட்டேன். "பொன்னுமணியை ஆம்ப்ளிஃபயர்ல இருக்க விடுங்க. எனக்காவ," என்றாள்.

கையெடுத்துக் கும்பிடாத குறை. அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை. முடியாது என்றேன்.

டிசம்பர் 22

ஒத்திகை. கோயிலுக்கு எதிர்வீட்டில் ஒரு சாவு, இன்று அடக்கம், அதனால் பாட்டுப் போட முடியாது. விளக்குகளை மட்டும் ஓட்டினேன். கோபுரத்திலிருந்து தென்னைக்கு, தென்னையிலிருந்து குடிலுக்கு, ஒன்றுகூடப் பிசகவில்லை. தலைக்குள் பாட்டு ஓடியது. டிங் விழுந்தது, ஸ்டார் எரிந்தது. ஜெயசிங்கே, "அண்ணே, அருமையாட்டு இருக்கு," என்று கையைப் பிடித்தான். அவன் கையில் கள்ளம் இல்லை.

நிம்மதி என்பது இப்படித்தான் இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது.

டிசம்பர் 24

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஏழு மணிக்கு வளாகம் நிரம்பிவிட்டது. கைப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள், எதிர்வீட்டுத் துக்கக்காரர்கள்கூட வாசலில் நின்றார்கள். போதகர் ஜெபித்தார். நான் லேப்டாப்பைத் தட்டினேன். ஆம்ப்ளிஃபயரை என் காதுக்குச் சரியாக வருகிற வரைக்கும் திருகினேன்.

விளக்குகள் புறப்பட்டன. அப்படியொரு அழகு. நான் திரையைப் பார்ப்பதா, கோபுரத்தைப் பார்ப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தபோது பொன்னுமணி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். வந்தவன் நேராக ஆம்ப்ளிஃபயரில் கையை வைத்தான். பிடித்துத் தள்ளினேன். விழுந்தான். எழுந்து மறுபடி வந்தான். போடா என்று கத்தினேன். அவன் என் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு, "சார், சார்," என்றான். உதடு அப்படித்தான் சொன்னது.

அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தேன்.

ஒருவர் பாக்கியில்லாமல் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். போதகர் அங்கியோடு நின்று இரண்டு காதையும் பொத்தியிருந்தார். பாடகர் குழுப் பெண்கள் குனிந்து நின்றார்கள். ஒரு தாய் பிள்ளையின் தலையை மாரோடு அமுக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினாள். அந்தப் பிள்ளையின் வாய் முழுசாகத் திறந்திருந்தது. அழுகிறது. எனக்கு அந்த அழுகை கேட்கவில்லை.

லீலாபாய் மட்டும் முன்வரிசையில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் வலியில் சுருங்கியிருந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, கையை மட்டும் தூக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோபுரத்தில் ஸ்டார் எரிந்தது. சரியான இடத்தில்தான் எரிந்திருக்கும்.

பொன்னுமணி எட்டிச் சத்தத்தைக் குறைத்தான். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. கூட்டம் கையை இறக்கியது. யாரும் திட்டவில்லை, சிரிக்கவில்லை. ஜெயசிங் என் முன்னால் வந்து, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக, "நல்லா இருந்துது அண்ணே," என்றான். லீலாபாய் பேசுகிற மாதிரியே பேசினான். அடுத்து வந்தவளும் அப்படியே. போதகரும் அப்படியே.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 25

கோயிலுக்குப் போகவில்லை. பொன்னுமணி மணி அடித்திருப்பான்.

டிசம்பர் 26

பொன்னுமணி வீட்டுக்குப் போனேன். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தான். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அவன் பெண்டாட்டியிடம் கேக் எடுத்துவரச் சொன்னான். கேக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 27

எனக்குக் காது கேட்கவில்லை. இதோ எழுதிவிட்டேன்.

செல்வின் நாகர்கோவிலில் டாக்டரிடம் கூட்டிப் போனான். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் வரும்போது பட்டனை அமுக்கச் சொன்னார்கள். பாதி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். நரம்பு செத்துவிட்டது, மிச்சம் இருப்பதும் போகும் என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். காதில் மிஷின் வைத்தால் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். குரல் குரலாக வராது. பாட்டு வராது. முன்பே வந்திருக்கலாமே என்று கேட்டார். செல்வின் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லீலாபாயிடம் கேட்டேன், உனக்கு எப்போது தெரியும் என்று.

நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாதியை உதட்டில் படித்தேன். மீதியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"போன வருசம் தேங்கா வெட்டுனோம்லா, அண்ணைக்கு. நீங்க மரத்துக்குக் கீழ நிக்கிதீய. மேல இருந்து குலை வருது. ஏங்க, மாறுங்கன்னு கத்துதேன். மரத்துல நின்னவனும் கத்துதான். நீங்க திரும்பல. வேற என்ன சொல்லிக் கூப்பிடன்னு தெரியாம, உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்."

அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில், பேங்கில் கணவன் பேர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். கேலி செய்து பார்த்திருக்கிறேன், பந்தயம் கட்டிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் நடந்ததில்லை.

"அப்பவும் நீங்க திரும்பல. குலை ஒங்க தோளை உரசிட்டுப் போய் விழுந்துது. அப்பம் தெரிஞ்சுது எனக்கு."

"ஏன் சொல்லலை?"

"பாட்டு இல்லாம நீங்க இருப்பியளா? எப்படிச் சொல்ல?"

அன்றைக்கு எப்படிக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லு என்றேன். நிமிர்ந்தாள். உதடு மூடித் திறந்தது, மறுபடி மூடித் திறந்தது. பர்னபாஸ். என் பெயர்தான்.

சத்தமாகச் சொல்லு என்றேன். கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு ஆள் வந்து எட்டிப் பார்த்தது. எனக்கு வந்தது, மூடின கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுகிற மாதிரி ஒன்று. அது யார் குரலாகவும் இருக்கலாம்.

என் பாட்டெல்லாம் தலைக்குள் இருக்கிறது. லீலாபாய் 'ஏங்க' என்று கூப்பிடுவதும் இருக்கிறது, சிரிப்பது இருக்கிறது, திட்டுவது இருக்கிறது. அவள் 'பர்னபாஸ்' என்று சொல்வது மட்டும் இல்லை. அவள் அதைச் சொன்னபோது எனக்குக் காது இல்லை.

இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிக்கொள்ளும் வரைக்கும் சொன்னாள்.